மூன்றாம் போர்ட்டில் ஒரு எண்டர்

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு விளக்கு எரிந்தாலும் பேய்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

அவள் பொறுப்பில் ஒரு டெர்மினல் சர்வர் பெட்டி இருந்தது. அதன் ஒவ்வொரு போர்ட்டிலும், அதாவது கம்பி செருகும் வாயிலும், ஒரு மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவி. அறையில் உட்கார்ந்தபடியே எதோடும் பேசலாம். எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் முதலில் வெறும் எண்டர் தட்டுவாள். அந்தப் பக்கத்துக் கருவி தன் பெயரைச் சொல்லும். ஆள் மாறிப் பேசிவிடக் கூடாதே என்ற பயம். எண்டர் யாரையும் கடிக்காது என்று அந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு.

அன்று காலை, மூன்றாம் போர்ட்டில் இருந்த கலக்கும் தொட்டியின் மோட்டாரை ஓட்டப் போனாள். 'ஓட்டலாமா?' என்று கருவி கேட்ட நேரத்தில் போன் அடித்தது. அவள் கணவர் அங்கேயே ஃபிட்டர்.

"தொட்டில இறங்குறேன். பிளேடு லூசா இருக்கு. ஓட்டிடாதே."

"ஓட்ட மாட்டேங்க. பாத்து இறங்குங்க."

கருவிக்குப் பதில் சொல்லாமல் திரையில் அந்த ஜன்னலை மூடினாள். நாம் ஜன்னலை மூடினால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறோம். கருவிக்கு என்ன தெரியும்? அது கேட்ட கேள்வியோடு காத்துக்கொண்டிருந்தது.

பிறகு போர்ட்டுகள் தகவல் அனுப்பும் வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வந்தது. திறந்தாள். பழக்கதோஷம், எண்டர் தட்டினாள்.

பெயர் வரவில்லை. 'ஓட்டுகிறேன்' என்று வந்தது.

காலையில் கேட்ட கேள்விக்கு அந்த எண்டரையே சம்மதமாகக் கருவி எடுத்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லி அடித்தாள். அவசரத்தில் எழுத்து எழுத்தாகத் தப்பியது. ஒரு வழியாக அடித்து முடித்தாள். பிளேடு ஒரு சுற்று சுற்றினாலே போதும். கணவரைப் போனில் கூப்பிட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. "ஏங்க" என்றாள்.

உள்ளே ஸ்பேனர் விழும் சத்தம். பிறகு ஏணியில் அவர் தலை தெரிந்தது.

"என்னம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

திக்கித் திணறிச் சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து, அந்த மோட்டாருக்குக் கரண்ட் போகும் வழியில் இருந்து கழற்றிய மூன்று ஃபியூஸ்களை எடுத்துக் காட்டினார்.

"இதெல்லாம் இங்க இருக்கிறப்போ அது எப்படி ஓடும்?"

"ஓட்ட மாட்டேன்னு சொன்னேனே. அப்புறம் ஏன் பிடுங்கினீங்க? என்னை நம்பலையா?"

"உன்னை நம்பினேன். உன் கையைத்தான் நம்பல. பூட்டு சரியா இருக்கான்னு இழுத்து இழுத்து, போன மாசம் தாழ்ப்பாளையே பேத்து எடுத்தவ நீ."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபியூஸ்களை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அவர் மறுபடி இறங்கி வேலையை முடித்து வெளியே வரும்வரை, அந்தக் கையைத் திறக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.