கஸ்பரின் துவக்கு லைசென்ஸ்

ஊரில் துவக்கைக் கண்டாலே வேலி பாய்ந்து ஓடிய மனிதர் கஸ்பர். லண்டன் செவன் கிங்ஸில் அவரிடம் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் இருந்தது. அதைப் புதுப்பிக்கும் காலம் வந்ததும், பின்னணி விசாரிக்க வரும் பொலிஸ்காரி டிலக்சனாவுக்காக விடியவே எழும்பி மீன் ரோல்ஸ் பொரித்தார்.

அவள் வந்து, சுகமா, நித்திரை வருகிறதா, மனம் சோர்கிறதா என்று ஆறுதலாகக் கேட்டாள். மனைவி மெற்றில்டா செத்த பிறகு வேறு எவரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

பிறகு, துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே வெறுமை.

"அங்கிள், துவக்கு எங்க?"

"நான் ஒருநாளும் வாங்கேல்லை, பிள்ளை."

"அப்ப லைசென்ஸ் ஏன்?"

ரோல்ஸ் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அது இல்லாட்டில் இந்தக் கதவை ஆர் வந்து தட்டுவினம்?"