எட்டு நாள் லீவு

அந்த பஸ் டிப்போவில் லீவு வேண்டுமென்றால் யாரும் நேராக மேனேஜரிடம் போகமாட்டார்கள். சார்ட்டக்காவிடம்தான் போவார்கள். எந்த டிரைவர் எந்தத் தடத்தில், எந்தக் கண்டக்டர் எந்த வண்டியில், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று வாராவாரம் டியூட்டி சார்ட் எழுதுகிறவள் அவள். இருபத்தொன்பது வருஷமாக எழுதுகிறாள். மேனேஜர்கள் பதினோரு பேர் வந்து போய்விட்டார்கள். அவள் அந்த மேஜையைவிட்டு அசையவில்லை. குளிர்கால விடுமுறை நெருங்கினால் போதும், மேஜைக்கு முன்னால் கூட்டம் கூடிவிடும். ஒருவனுக்கு வீடு மாற்ற வேண்டும், ஒருவனுக்கு மாமனாருக்கு நெஞ்சுவலி, ஒருவனுக்குப் போன வருஷம் செத்துப்போன அதே பெரியப்பா இந்த வருஷமும் செத்துப்போயிருப்பார். அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மொத்தம் எத்தனை பெரியப்பா உனக்கு என்று கேட்பாள். கேட்டவன் தலையைச் சொறிந்துகொண்டு நழுவிவிடுவான்.

அப்பேர்ப்பட்டவள் இந்த வருஷம் இரண்டு மாதம் முன்கூட்டியே சார்ட்டின் அடியில் தன் பெயரைத் தானே எழுதி, பக்கத்தில் எட்டு நாள் லீவு என்று போட்டாள். டிப்போ ஆடிப்போய்விட்டது. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து எழுதுகிற மனுஷி அவள். மேனேஜர் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஆபரேஷன் ஏதாவதா என்று தணிந்த குரலில் விசாரித்தார். அவளிடம் இருபது வருஷமாகத் திட்டு வாங்கியே கொழுத்துப்போன மீசைக்கார டிரைவர் ஒருவர், சார்ட்டக்காவுக்குக் கல்யாணம், எல்லாரும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று வாசலில் நின்று அறிவித்தார். வேறு சமயமாக இருந்தால் அவரை அந்த வாரம் முழுக்க விடிகாலை வண்டியில் போட்டிருப்பாள். அன்றைக்குச் சிரித்தாள்.

விஷயம் இதுதான். வெளிநாட்டிலிருந்து தம்பி வருகிறான், பெண்டாட்டியோடும் பத்து மாதக் குழந்தையோடும். குழந்தையை வைத்துக்கொண்டு எங்கேயாவது அமைதியாக ஒரு வாரம் இருக்க வேண்டும், நீயே ஒரு இடம் பார்த்து எல்லா ஏற்பாடும் செய்துவிடு அக்கா என்று போனில் சொல்லியிருந்தான்.

தம்பி அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவனுக்கு ஆறு வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அடுத்த இரண்டு வருஷத்தில் அப்பாவும். அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாம் இவள் ஒருத்திதான். இவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் தம்பியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கட்டத்தில் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அதைப்பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, நாமும் விட்டுவிடலாம். தம்பி படித்தான், வெளிநாடு போனான், கல்யாணம் செய்துகொண்டான், எட்டு வருஷம் குழந்தைக்காகத் தவமிருந்தான். ஒருவழியாகப் பிறந்த அந்தப் பெண் குழந்தையை இவள் போனில் பார்த்ததோடு சரி. அதிலும் பாதி நேரம் நெற்றி மட்டும்தான் தெரியும்.

அவன் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன். அடுத்த தடவை வரும்போது அது பள்ளிக்கூடம் போகும் பெண்ணாகியிருக்கும். யாரோ ஒரு பெரியம்மா என்று எட்ட நின்று பார்க்கும். அதற்குள் இந்த எட்டு நாளில் அது இவள் முகத்தைப் பழகிக்கொள்ள வேண்டும், கையை நீட்டினால் இவளிடம் தாவ வேண்டும், தனக்கு அத்தை என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது அதற்கு எப்படியாவது தெரிய வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு ஏரி. கரையில் ஒரு சின்ன விடுதி. தன் ஓய்வு நாளில் முதல் வண்டியைப் பிடித்துப் போய் இறங்கினாள். விடுதிக்காரி அறையைத் திறந்து காட்டிவிட்டுப் போனதும் வேலையை ஆரம்பித்தாள். ஜன்னல் ஓரமாகத் தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்துக் காற்று எங்கே நுழைகிறது என்று பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு, வெந்நீர் வர எத்தனை நிமிஷம் என்று கைக்கடிகாரத்தில் பார்த்தாள். பிறகு, ஐம்பத்தாறு வயது மனுஷி, முட்டிவலிக்காரி, தரையில் மண்டியிட்டு, நான்கு காலில் அறை முழுக்கத் தவழ்ந்தாள். தவழ்கிற குழந்தையின் கண்ணுக்கு என்னென்ன படும் என்று தவழ்ந்து பார்த்தால்தானே தெரியும்! நாற்காலிக்கு அடியில் கழன்று விழுகிற நிலையில் ஒரு திருகாணி, கட்டிலுக்குப் பின்னால் மூடியில்லாத பிளக், ஒரு சட்டைப் பொத்தான். விடுதிக்காரி திரும்பி வந்து வாசலில் நின்று, என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டாள். இவள் தவழ்ந்தபடியே நிமிர்ந்து, திருப்புளி இருக்கிறதா என்று கேட்டாள்.

முதல் அறையில் காற்று வருகிறது, வேண்டாம். நான்காவது, மாடிப்படிக்குப் பக்கம், வேண்டாம். கடைசியில் ஏரியைப் பார்த்த இரண்டு அறைகள் கிடைத்தன. நடுவில் ஒரு கதவு. ஒன்று அவர்களுக்கு, ஒன்று இவளுக்கு. இவள் வேண்டாமென்றவை உட்பட மற்ற அறைகள் எல்லாம் அடுத்த சில நாளிலேயே விடுமுறைக்குப் போய்விட்டன.

அடுத்து சார்ட். ஆமாம், அதற்கும் சார்ட்தான். மேலே எட்டு நாள், பக்கவாட்டில் நான்கு பேர். குழந்தை தூங்கும் நேரம் சிவப்பு மையில், ரெஸ்ட் என்று போட்டு. போகிற வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் பால் சுடவைத்துத் தருவார்கள், ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்தத் தெருவில் டாக்டர். விடிகாலை ஐந்திலிருந்து எட்டு வரை எட்டு நாளும் ஒரே டியூட்டி: அத்தை. பெற்றவள் பாவம், பத்து மாதமாகத் தூங்கியிருக்கமாட்டாள், காலையிலாவது கொஞ்சம் தூங்கட்டும் என்று காரணம் வைத்திருந்தாள். காரணமெல்லாம் சும்மா. அந்த மூன்று மணி நேரம் குழந்தை தனக்கே தனக்கு என்று இருக்க வேண்டும், வேறொன்றும் இல்லை.

அவர்கள் கிளம்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது தம்பி கூப்பிட்டான். குரலில் ஒரு தயக்கம். அவன் மாமனார் மாமியார் இதே ஊரின் மறுகோடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பேத்தியோடு வர ஆசையாம். பெண்டாட்டி நேற்று அழுதேவிட்டாளாம்.

"ரெண்டு ரூம்தானே இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியலக்கா."

"இதுல என்னப்பா இருக்கு. அவங்களையே கூட்டிட்டுப் போ. நான் எதுக்கு நடுவுல? எனக்கு அந்தக் குளிரும் ஒத்துக்காது."

இந்த மாதிரிப் பேச்சுக்கு நம்மிடம் ஒரு முறை உண்டு. வேண்டாம் என்று ஒருவர் சொல்ல வேண்டும், அதெப்படி என்று மற்றவர் கோபித்துக்கொள்ள வேண்டும். முதலாமவர் இன்னொரு தடவை இழுக்க வேண்டும், மற்றவர் இன்னும் கொஞ்சம் கோபிக்க வேண்டும். கடைசியில், சரி, நீ இவ்வளவு தூரம் சொல்வதால் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாய் காபிக்கே மூன்று தடவை மறுக்கிற ஜனம் நாம். என்னக்கா பேசற, நீ இல்லாமல் நாங்கள் எங்கே போவது, அவர்களுக்கு வேறு இடம் பார் என்று அவன் ஒரு அதட்டல் போட வேண்டிய இடம் அது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதற்குத்தான் காத்திருந்தாள்.

"சரிக்கா. உனக்கும் அலைச்சல் மிச்சம்," என்றான் தம்பி.

அட பாவி! என்று எனக்கே வாயில் வருகிறது. ஆனால் அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அப்பா அம்மா இல்லாத பிள்ளை நாலு வீட்டில் நச்சரித்துக் கெட்ட பெயர் வாங்கக்கூடாது என்று, அக்கா வேண்டாமென்றால் வேண்டாம்தான், மறுபடி கேட்டால் முதுகில் ஒன்று விழும் என்று சொல்லி வளர்த்தவள் அவள்தானே. அவன் சமர்த்தாக வளர்ந்துவிட்டான். அக்காவின் வாயிலிருந்து வருகிற சொல்லுக்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

யோசித்துவிட்டு மறுநாள் கூப்பிடுவான் என்று நினைத்தாள். நான்காம் நாள்தான் கூப்பிட்டான், காரில் குழந்தைக்குத் தனி சீட் கிடைக்குமா என்று கேட்க. சொல்லிவிடலாமென்று தொண்டை வரை வந்தது. அதற்குள் அவன், மாமியார் ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் வாங்கிவிட்டதைச் சொல்லிச் சிரித்தான். இவள் சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுவதாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் உட்கார்ந்து சார்ட்டைப் புதிதாக எழுதினாள். விடிகாலை ஐந்து முதல் எட்டு வரை, எட்டு நாளும், மாமியார்.

வந்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே மாமியார் வீடு. ஏரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் இவள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் வந்தார்கள். குழந்தை காரிலேயே தூங்கிவிட்டிருந்தது. தூக்கிக்கொண்டு வந்து இவள் கட்டிலில் போட்டார்கள். எழுப்பட்டுமா அண்ணி என்று தம்பி பெண்டாட்டி கேட்டாள். நல்ல பெண், குறை சொல்ல முடியாது. தூங்குகிற குழந்தையை யாராவது எழுப்புவார்களா என்று இவளே தடுத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அது உதட்டைச் சப்பியது. பிறகு சார்ட்டை வாங்கிக்கொண்டு, அடேயப்பா என்று வியந்து, கிளம்பிவிட்டார்கள்.

லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மீசைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? தம்பி குழந்தையோடு ஏரிக்குப் போகிறேன் என்று டிப்போ முழுக்கச் சொல்லியாகிவிட்டது. லீவுக்கு முந்தின நாள் எல்லாருமாகச் சேர்ந்து குழந்தைக்கு ஒரு குல்லாய் வேறு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அந்த எட்டு நாளும் அவள் சொந்த ஊரில் தலைமறைவாக இருந்தாள். பால் வாங்கப் போனாலும் முகத்தைச் சுற்றிக் கம்பளித்துணி. பஸ் ஏற வழியில்லை. ஊரில் ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் அவள் எழுதி அனுப்பிய ஆள் இருக்கிறான். எங்கே போனாலும் நடைதான், அதுவும் பஸ் போகாத சந்துகளாகப் பார்த்து. ஒருநாள் சிக்னலில் மீசைக்காரரின் வண்டி பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டது. அவள் சட்டென்று திரும்பி, பூட்டியிருந்த ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் போர்டை, வண்டி நகர்கிற வரை மூன்று தடவை படித்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் எடுத்த ஒரே லீவு, அதில் ஒரு திருடியைப் போல ஒளிந்துகொண்டு நின்றதை நினைத்து வீட்டுக்கு வந்ததும் அழுதாள்.

சாயங்காலம் போனில் போட்டோ வரும். குழந்தை ஜன்னலோரம், மாமியார் மடியில். குழந்தை தரையில் தவழ்கிறது. குழந்தை சிரிக்கிறது, வாயில் இரண்டு பல். ரொம்ப நல்ல இடம் அக்கா என்று கீழே எழுதியிருப்பான். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, குழந்தையின் காலுக்குக் கீழே தரையில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பாள்.

ஒன்பதாம் நாள் அவளுக்கு வார ஓய்வு. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வந்தார்கள். அரை மணி நேரம். மாமியாரும் மாமனாரும் வழியனுப்பக் கூடவே வந்து காரில் இருந்தார்கள். இந்தத் தடவை குழந்தை விழித்திருந்தது. தம்பி பெண்டாட்டி அதை இவளிடம் நீட்டினாள். இவள் கையில் வந்ததும் அது தலையைப் பின்னுக்கு இழுத்து இவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பிறகு உதடு பிதுங்கி, வீறிட்டது. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வாசல் பக்கம், காரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"உங்க முகம் பழகல அண்ணி, அதான். வேற ஒண்ணும் இல்ல," என்று அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். காருக்குள் போனதும் அழுகை நின்றுவிட்டது.

தம்பியும் அக்காவும் நின்றார்கள். ஏற்பாட்டில் ஒரு குறை இல்லை என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். வெந்நீர் அவள் எழுதியிருந்தபடி நாலே நிமிஷத்தில் வந்ததாம். மாமியார்கூட, உங்க அக்கா மூளையே மூளை என்றாராம். நீயும் வந்திருக்கணும்க்கா என்றான் கடைசியில், பெட்டியின் பட்டையை இழுத்துக் கட்டியபடி.

"வரணும்னுதான்டா இருந்தேன்," என்றாள் அவள். "எட்டு நாள் லீவு போட்டிருந்தேன். இன்னும் வேலைக்குப் போகல."

அவன் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தான்.

"அப்புறம் ஏன்க்கா வேண்டாம்னு சொன்ன? சொல்லியிருந்தா உன்னை விட்டுட்டுப் போயிருப்பேனா?"

போயிருக்கமாட்டான். அது அவளுக்குத் தெரியும். அந்த நாற்பத்து நான்கு வயதுக்காரனின் முகம் அப்படியே சுருங்கி, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கண் கலங்கிவிட்டது. வெளியே கார் ஹாரன் அடித்தது. இந்த முகத்தோடு இவன் பதினாறு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்திருப்பான், ஐந்து வருஷம் இதையே நினைத்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கும்போது அவளுக்குத் தாங்கவில்லை.

"அட, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா," என்று அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "அந்தக் குளிர்ல நான் வந்து என்ன பண்ணப்போறேன்? கிளம்பு, கிளம்பு, நேரமாச்சு."

அவன் முகம் தெளிந்தது. அவள் சொன்னதை நம்பிவிட்டான்.