பலாமரத்துக்குக் காவல் வைத்த பொம்மை

சேந்தமங்கலம் போய்வந்தாலே என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடித்துவிடும். மலைக்கு பஸ் வராத காலம். மிளகு விற்கக் கீழே இறங்கியவர், ஒரு துணிக்கடை வாசலில் சாவி கொடுத்த பொம்மை ஒன்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கும்பிடுவதைப் பார்த்துவிட்டார். தெருநாயைக்கூட அது கும்பிட்டதாம். கும்பிடத் தெரிந்த பொம்மைக்குக் காவல் காக்கத் தெரியாதா என்று வீடு வந்ததும் ஆரம்பித்தார். மலைமேலே எங்கள் குண்டனி நாட்டில் தோட்டத்துப் பரண்மேல் உட்கார்ந்து பன்றி விரட்டியவள் நான்தான். ஆகவே அந்தக் கேள்வி எனக்கும் மிகவும் பிடித்திருந்தது.

பொம்மையை அவரே செய்தார். மரத்தில் உடம்பு, தலைக்குச் சட்டி, மேலே அவருடைய பழைய காக்கிச் சட்டை. கேழ்வரகுக் கொல்லையையும் பலாமரங்களையும் சுற்றி ஒரு கயிறு. கயிற்றைத் தொட்டால் கட்டி வைத்த கல் இறங்கும். கல் இறங்கினால் பொம்மையின் கை மண்ணெண்ணெய்த் தகரத்தைப் படபடவென்று அடிக்கும். பன்றிகள் ஓடின. நான் பரணை விட்டு இறங்கி நன்றாகத் தூங்கினேன். தூங்காது, சோறு கேட்காது, முகம் பார்த்து நடக்காது என்று அவர் ஊரெல்லாம் பெருமையடித்தார். முகம் பார்க்காதவனை யாரும் குடும்பத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை.

எங்கள் பக்கத்தில் காவலுக்கு ஒரு வழக்கம் உண்டு. பலாமரத்தடிக்குப் போகுமுன் காவல்காரர் உரக்க இருமுவார். பசிக்குப் பழம் பிய்த்துத் தின்கிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். மூட்டை கட்ட வந்தவன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுவான். யாருக்கும் மானம் போகாது. யாருக்கு எவ்வளவு நேரம் இருமுவது என்பதில்தான் காவல்காரரின் கெட்டிக்காரத்தனம். நானெல்லாம் வாயும் வயிறுமாக இருக்கிறவர்களுக்குக் காசநோய்க்காரிபோல இருமியிருக்கிறேன்.

பொம்மைக்கு இருமத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் மிளகு பறித்துவிட்டு வந்த என் நாத்தனார், அவருடைய அக்கா, பசியில் தம்பியின் மரம்தானே என்று ஒரு பழத்தில் கைவைத்தாள். தகரம் அதிர்ந்தது. ஊரே தடியோடு ஓடிவந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் என் வீட்டுக்காரர். கையில் பலாப்பால் ஒட்டிக்கொண்டு அவள் நின்றாள். இந்தப் பன்றி சேலை கட்டியிருக்கிறதே என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். இவரும் தடியை ஊன்றிக்கொண்டு நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அவள் பழத்தைக் கீழே வைத்தாள்.

"உன்ற பொம்மையவே தாய்மாமனா உக்கார வெச்சு என்ற புள்ளைக்குக் காது குத்திக்கறேன், போ" என்றாள்.

அடுத்த மாதம் காதுகுத்து. எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அக்கா மகளை மடியில் உட்கார வைக்கப்போகிறோம் என்று அவர் ஒரு வருஷமாகவே வெள்ளை வேட்டியை மடித்து வைத்திருந்தார். அதனால் எனக்கே மனசு கேட்கவில்லை. போய்க் காலில் விழுங்கள் என்றேன். அடித்தது பொம்மை, அதற்கு நான் ஏன் விழ வேண்டும் என்றார். ஆள் பார்க்காமல் அடித்ததில் என்ன தப்பு, அதுதானே நியாயம் என்றும் சட்டம் பேசினார். ஊரிலும் இதே பேச்சு. பொம்மைக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்க முடியுமா என்று ஆளாளுக்கு வாதாடினார்கள். முடியும் என்று காட்ட இவர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

கொல்லனிடம் ஓட்டைத் துருத்தி ஒன்றை வாங்கிவந்து பொம்மையின் வயிற்றில் வைத்தார். இனி முதலில் இருமும், பிறகுதான் அடிக்கும். உண்மையிலேயே இருமியது, கிழட்டு ஆடு மாதிரி. ஆனால் பன்றிக்கும் அதே மரியாதையாக இருமியது. இருமலுக்கும் தகரத்துக்கும் நடுவில் எவ்வளவு தின்னலாம் என்று பன்றிகள் சீக்கிரமே பழகிக்கொண்டன. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு இரண்டு கயிறு கட்டினார். வெளியே இடுப்பு உயரத்துக் கயிறு மனிதருக்கு, அது இருமும். உள்ளே முழங்கால் உயரத்துக் கயிறு பன்றிக்கு, அது அடிக்கும். இதற்குமேல் நியாயம் உலகத்தில் கிடையாது என்றார்.

பன்றி உயரத்தில் மனிதர்களும் உண்டு என்பதை மறந்துவிட்டார். பெரியவர்களின் சண்டை தெரியாத அக்கா மகள் மாமனைப் பார்க்க ஒருநாள் காலையில் தோட்டத்து வழியாக ஓடிவந்தாள். தகரம் அவள் தலைக்கு மேலேயே அடித்தது. குழந்தை விழுந்து வீறிட்டது. இவர் ஓடிப்போய்த் தூக்கும்போதே அக்காவும் வந்துவிட்டாள்.

"கயிறு கொஞ்சம் தாழ்ந்துபோச்சுங்க்கா. தகரம்தான்..." என்று இவர் இழுத்தார்.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தகரம் அடிச்சுதுங்கற, கயிறு தாழ்ந்துபோச்சுங்கற. அந்தப் பொம்மைக்கு என்னைத் தெரியாது, அதும்மேல எனக்கென்ன கோவம்? உனக்கு என்னைத் தெரியுமில்ல தம்பி? அன்னிக்குத் தடியோட நின்னியே, எங்கக்கா பசிக்குத் தின்னான்னு ஒரு வார்த்தை உன்ற வாயில வந்துச்சா? தப்புன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

அவர் பொம்மையைப் பார்த்தார். அது சட்டித் தலையோடு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அதனிடம் கேட்டுப் பயனில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"என்ற தப்புதானுங்க்கா" என்றார். அவரைக் கேலி செய்தே பொழுதைக் கழித்த எனக்கே கண் கலங்கியது. அக்கா பிள்ளையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. காதுகுத்துக்கு நேரத்தோடு வந்துவிடச் சொல்லிவிட்டு நடந்தாள்.

கயிறுகளை அன்றே அறுத்தார். எனக்குப் பரண் திரும்பக் கிடைத்தது. என் தூக்கத்தைப் பற்றி எந்த நியாயஸ்தரும் கவலைப்படவில்லை.

காதுகுத்து அன்று வெள்ளை வேட்டியில் அவர் உட்கார்ந்தார், மடியில் பிள்ளை. முதல் காதில் ஊசி இறங்கியதும் அவள் கத்திக்கொண்டே மாமனின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள், ரத்தம் வருகிற மாதிரி. அவர் கையை இழுக்கவில்லை. பொம்மையும்தான் இழுத்திருக்காது. ஆனால் இவருக்கு வலித்தது.