வெள்ளிக்கிழமை மட்டும் நேராக ஓடிய ஜீப்

எங்கள் ஜீப் வெள்ளிக்கிழமை மட்டும் நேராக ஓடும். மற்ற நாளெல்லாம் அதற்கு எந்தப் பக்கம் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் போகும். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதில் உட்கார்ந்து வந்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர், என் தாய்மாமன் மகன்தான், அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் மாதக்கணக்கில் ஆளைக் கண்ணில் பார்க்க முடியாது. ஒருமுறை அவர் வந்து தூக்கியதும் எங்கள் பிள்ளை யாரோ எவரோ என்று அலறித் தீர்த்துவிட்டது. மனிதர் அன்றே லாரியை விட்டார். உழவு மாட்டையும் வண்டியையும் விற்று, ராணுவத்தில் கழித்த பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்து, எங்கள் ஊருக்கும் திருமங்கலத்துக்கும் ஆள் ஏற்றி ஓட்ட ஆரம்பித்தார்.

எங்கள் ஊர்ப் பாதை கரிசல். மாட்டுவண்டிகள் போய்ப் போய்த் தடம் ஆழமாக இறங்கிக் கிடக்கும். நடு மேடு ஜீப்பின் அடிவயிற்றில் இடிக்கும். அதனால் கார்த்திகை மழையில் வண்டியை உயர்த்த முடிவு செய்தார். ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, அடியில் இருந்த ஸ்பிரிங்கை மேலே தூக்கி, இரண்டுக்கும் நடுவில் கட்டை கொடுத்து, வளைந்த யூ போல்ட் போட்டு இறுக்கினார். கட்டை எது? அப்போதுதான் வெட்டிய பச்சைக் கருவேலம்.

"இரும்பு வைக்கலாம்ல?" என்றேன்.

"கருவேலத்துக்கு முன்னால இரும்பெல்லாம் எம்மாத்திரம் புள்ள? மாட்டுவண்டிக்கே அதத்தான போடுறோம்" என்றார்.

அதுவும் சரிதான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வண்டி ஜம்மென்று எழுந்து நின்றது. ஏறுவதற்குப் படி வைக்க வேண்டியிருந்தது. மார்கழி, தை எல்லாம் சேற்றிலும் மேட்டிலும் அப்படி ஒரு ஓட்டம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாசியில் ஆரம்பித்தது வினை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பிரேக் போட்டால் ஒருநாள் இடப்பக்கம் இழுக்கும், மறுநாள் வலப்பக்கம். நேர் ரோட்டில் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் எதிரே வந்த பஸ்ஸின் மேல் உரசப் பார்த்தது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

இவரும் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கினார். ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்து மாட்டினார்கள். டை ராடு மாற்றினார்கள். பேரிங் மாற்றினார்கள். முன் டயரைப் பின்னால் போட்டார்கள். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி கல்லு மாதிரி இருக்குண்ணே, இன்னும் என்ன வேணும்?" என்றார்கள். உண்மைதான், அங்கே கல் மாதிரிதான் இருந்தது. மறுநாள் ஊர்ப் பக்கம் வந்ததும் பழைய ஆட்டம்.

ஏனென்றால் நாங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனதெல்லாம் வெள்ளிக்கிழமை. நல்ல காரியத்தை வெள்ளிக்கிழமைதானே தொடங்குவோம்? காலையில் சந்தனம், குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினால் வண்டி சொன்னபடி கேட்கும். எல்லாம் அம்மன் துணை என்றார்கள் ஊரில். நானும் நம்பி, தினமும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னேன். தினமும் நசுக்கினோம். திங்களும் ஆடியது, செவ்வாயும் ஆடியது.

ஏறுகிற ஆட்கள் குறைந்தார்கள். "ஆத்தாடி, அந்தத் தள்ளாடுற வண்டியா? நான் நடந்தே வாரேன்" என்று என் காது படவே ஒருத்தி சொன்னாள். அன்று சாயங்காலம் இவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "திருமங்கலத்து லாரி முதலாளிகிட்ட பேசிட்டேன். சித்திரைத் திருவிழா முடிஞ்சதும் லாரியில ஏறுறேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் மேலா, ஜீப் மேலா என்று தெரியவில்லை. பிள்ளை அப்போதுதான் "அப்பா" என்று அவர் பின்னாலேயே ஓட ஆரம்பித்திருந்தது. மறுபடியும் அது அவரைக் கண்டு அலற வேண்டுமா? நான் சோறு போடாமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள் துணி துவைக்கக் கண்மாய்க்குப் போனேன். பங்குனி வெயிலில் வற்றி, மடைக்குப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதில் ஒரு மாட்டுவண்டியைச் சக்கரம் முங்க இறக்கி நிறுத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் எல்லோரும் செய்கிற வேலைதான். வெயிலில் மரம் காய்ந்து சுருங்கி, சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டா கழன்று ஆடும். தண்ணீரில் ஊறினால் மரம் உப்பிப் பட்டாவை இறுக்கிக்கொள்ளும்.

கையிலிருந்த சேலையை அப்படியே போட்டேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்காக இவர் வியாழன் மத்தியானமே ஜீப்பை இதே இடத்தில் ஆக்சில் முங்க இறக்கி, இருட்டும் வரை ஊறவிட்டுக் கழுவுவார்! வெள்ளிக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் எலுமிச்சம்பழமா வித்தியாசம்? தண்ணீர்! கருவேலங்கட்டை!

உடுத்தியிருந்த ஈரச் சேலையோடு ஓடினேன். அன்று புதன்கிழமை. இவர் வேப்பமரத்தடியில் ஸ்டியரிங் பெட்டியை எத்தனையாவது தடவையாகவோ முறைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அத விடுங்க! கட்டையப் பாருங்க, கட்டைய!"

"எந்தக் கட்டை?"

"கீழ வச்சீங்கல்ல, அந்தக் கட்டை! காஞ்சு சுருங்கிருச்சு மாமா!"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். நான் பக்கத்திலேயே மண்டி போட்டேன். ஸ்பேனர் தேவையே படவில்லை. யூ போல்ட்டின் நட்டு அவர் விரலுக்கே சுற்றியது. கடப்பாரையால் நெம்பினால் ஆக்சில் கட்டையோடு முன்னும் பின்னும் நகர்ந்தது. ஸ்டியரிங் சொல்வதை முன்சக்கரம் எப்படிக் கேட்கும்? அடியிலிருந்தே அவர் கத்தினார்:

"அடியே, இம்புட்டு நாளும் இதுதாண்டி ஆடிருக்கு!"

வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ், பல் மட்டும் தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்த புதனுக்குள் லேத் பட்டறையில் இரும்புக் கட்டை கடைந்து வாங்கி மாட்டிவிட்டார். அந்தப் புதன்கிழமை வண்டியைக் கழுவவில்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. வேண்டுமென்றே அப்படிக் கிளம்பினோம். பிள்ளை என் மடியில். திருமங்கலம் தாண்டித் திருநகர் வரைக்கும் ஓட்டினார். நூல் பிடித்த மாதிரி போனது வண்டி! பிரேக்கை அழுத்திப் பார்த்தார், போட்ட இடத்தில் நேராக நின்றது. பஸ் எதிரே வந்தபோது நான் கண்ணை மூடவில்லை. "வேகமாப் போங்க மாமா" என்று நானே சொன்னேன்.

திரும்பும்போது திருமங்கலத்தில் லாரி ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வாக்குக் கொடுத்த மனிதர், கூச்சம்.

பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டு நான் குதித்து இறங்கினேன். முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு லாரிக்கு வரமாட்டாரு."

"ஏன் தங்கச்சி, என்னாச்சு?"

"இன்னைக்குப் புதன்கிழமைண்ணே. ஜீப்பு நேரா ஓடுது" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கவும் நிற்கவில்லை.