மூலை தாண்டிய தையல்

டார்ச்சை நேராகப் பிடிக்க மாட்டார் அக்கா. கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, வெளிச்சத்தைப் படத்தின் மேல் படுக்கவிட்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். "இப்படிப் பார்த்தாத்தான் கீறல் எழுந்து நிக்கும் தம்பி. நேரா அடிச்சா ஒளிஞ்சுக்கும்."

எங்கள் ஓவியக் கூடத்துக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். எங்கே விரிசல், எங்கே கறை என்று எழுதி வைப்பது அவர் வேலை. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பை எழுதுவது என் வேலை. இங்கே வருமுன் அக்கா பதினாறு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் செக்கர், தைத்த துணியில் பிழை பார்ப்பவர். அது தீயில் போனபின் இங்கே வந்தார். மருமகன் புதுக் கார் வாங்கி வந்தபோது, ஒரு சுற்றுச் சுற்றி, பின்கதவில் மயிரிழைக் கீறலைக் காட்டிவிட்டுத்தான் வாழ்த்தினாராம். படம் அழகா என்று கேட்டால், "அது உங்க டிபார்ட்மென்ட்" என்பார்.

போன மாதம் வந்த படம் அவரைத் திணறடித்தது. ஆள் உயரப் பலகை. அதன்மேல் தார், சிமெண்ட், முறுக்கிய கம்பி, கருகிய துணிகள். மனிதரும் இல்லை, மரமும் இல்லை.

"என்ன தம்பி இது? உடம்பெல்லாம் டேமேஜ். டேமேஜ் இல்லாத இடத்தை எழுதுனா சீக்கிரம் முடிஞ்சிடும்."

ஆனாலும் உட்கார்ந்து வரிசை எண் போட்டு எழுதினார். எழுபத்து மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றிருந்தது. தாருக்கு நடுவே ஒரு காலர் துண்டு. மூலையில் திரும்ப வேண்டிய தையல் ஒரு பொட்டு தாண்டிப்போய், பிறகு திரும்பியிருந்தது.

"இது அவ கை" என்றார்.

தண்ணீர் குடித்தபின் சொன்னார். தொழிற்சாலையில் அவர் பார்த்த தையல் வரிசையில் காலர் தைத்த தோழி அவள். கட்டைவிரலில் ஊசி இறங்கியதிலிருந்து மூலையில் துணியை அழுத்திப் பிடிக்க முடியாது, தையல் தாண்டிவிடும். "கடைசி வாரம்கூட முப்பது பீஸைத் திருப்பி அனுப்பினேன் தம்பி. கண்ணைத் திறந்து தைடீன்னு கத்தினேன்." தீப்பிடித்த அன்று, மகள் பிரசவத்துக்காக அக்கா லீவு. வெளியே வராத ஒன்பது பேரில் தோழியும் ஒருத்தி.

மாலையில் ஓவியர் வந்தார். முப்பது வயதுப் பெண். அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இந்தத் துணி ஏது?"

"எரிஞ்ச சட்டைக் கம்பெனிக் கட்டடத்தை இடிச்சப்போ குப்பை லாரியில கிடந்தது."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரைக் கேக்கணும்னு தெரியலக்கா."

"மத்ததையெல்லாம் தாரால பூசி மூடிட்டு இதை மட்டும் ஏன் விட்டீங்க?"

"மூடத்தான் போனேன். அந்த மூலைகிட்ட வந்ததும் கை வரல. ஏன்னு எனக்கே புரியல."

அக்கா யார் கை அது என்று சொன்னார். "படத்தை இறக்கிடறேன்க்கா" என்றார் ஓவியர்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு, அக்கா பத்தடி பின்னால் நகர்ந்தார். இத்தனை வருடத்தில் எந்தப் படத்தையும் அவர் தள்ளி நின்று பார்த்ததில்லை.

"அன்னிக்கு உள்ளே இப்படித்தான் கறுப்பா இருந்திருக்கும், இல்ல? நான் நினைச்சுப் பார்க்கவே பயந்தேன்" என்றார். பிறகு, "இறக்கிடாதீங்க. இருக்கட்டும்."

கண்காட்சி தொடங்கிய அன்று, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்று சிரித்தார். "தாரைக் கொட்டி வச்சிருக்காங்க. இதுல பார்க்க என்ன இருக்கு?"

அக்கா விறுவிறுவென்று போய் அவர் சட்டையைப் பிடித்தார். கைகலப்பு என்றே நினைத்து நான் ஓடினேன். அக்காவோ அந்த மனிதரின் சுட்டுவிரலைப் பிடித்து, அவர் சட்டையின் காலர் மூலையில், தையல் திரும்பும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். "இதுவும் ஒருத்தி கைதான்" என்றார்.