ஆச்சியின் முகத்துக்குப் பதிலாக

என் மனைவியை அவளுடைய அக்காவாக உட்கார வைத்து, அந்த அக்காவின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தேன். செய்தவன் நான், அவள் என் சொல்லைக் கேட்டவள், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்த எத்தனையோ பேரை, "என் கண் முன்னால போடுங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். மனைவி கூப்பிடுவதைக் கேட்டு எனக்கும் அவர் ஆச்சியாகிவிட்டார். கணவர் இறந்த பின் கோட்டையூர் வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் சிங்கப்பூரில். நாங்கள் காரைக்குடியில், டவுன் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஒரே நெற்றி, ஒரே மூக்கு. எந்த வீட்டு விசேஷமானாலும் இருவரில் ஒருத்தி போய்விட்டு வந்தால் போதும், இருவரும் வந்ததாகத்தான் உறவில் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி கையில் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தாம்பூலப் பை கொடுப்பார்கள். நாற்பது வருடமாக அப்படி நடந்து வந்தது. அன்று என் புத்தி அந்தத் தடத்திலேயே போனது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டன. வாய் மட்டும் இடப்பக்கம் இறங்கி நின்றுவிட்டது. இடது இமை முழுவதும் மூடாது. பேச்சு குழறும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. கணவருடைய பென்ஷன் வரும் வங்கிக்கு மாடிப்படி ஏற முடியவில்லை என்று, வீட்டிலிருந்தே திறக்கும் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாறச் சொன்னான் மகன். விண்ணப்பத்தை நான் ஃபோனில் நிரப்பினேன். முகத்தைப் படம் எடுக்க வேண்டிய இடம் வந்தது.

நல்ல வெளிச்சம் வேண்டும் என்று வளவின் நடுவில், வானம் திறந்திருக்கும் முற்றத்து ஓரமாக நாற்காலியைப் போட்டேன். திரையில் ஒரு வட்டம். அதற்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஆச்சி சிமிட்டினார். ஒரு கண் மூடியது, ஒன்று மூடவில்லை. "முகம் பொருந்தவில்லை" என்று சிவப்பில் வந்தது. ஆதாரில் இருந்தது நோய்க்கு முந்தைய படம். நான்கு தடவை எடுத்தோம். இன்னும் ஒரு வாய்ப்புதான் உண்டு, தவறினால் விண்ணப்பம் முடக்கப்படும் என்றது ஃபோன்.

"என்ன சொல்லுது?" என்றார் ஆச்சி.

மனைவியைப் பார்த்து, "இந்த மூஞ்சிய அது ஒத்துக்காது. நீ வந்து உட்காரு" என்றேன்.

"வெளையாடுறீகளா? நான் எப்படிங்க ஆச்சியாக முடியும்?"

"ஒரே அப்பச்சி, ஒரே ஆத்தா. என்ன கேட்டாலும் உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பதிலுதான். உட்காரு."

ஆச்சி எழுந்து உள் அறைக்குப் போனார். அவருடைய மூக்குக்கண்ணாடி நாற்காலியிலேயே இருந்தது. அதை எடுத்து மனைவிக்கு மாட்டிவிட்டேன். படம் முதல் தடவையிலேயே பொருந்தியது.

அடுத்து வீடியோ அழைப்பு. வங்கிப் பெண் ஒருத்தி திரையில் வந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"கண்ணாடியக் கழட்டுங்கம்மா. பக்கத்துல யாராவது சொல்லிக் குடுக்கிறாங்களா?"

"யாருமில்ல."

"பயப்படாதீங்க. அம்மா பேரு சொல்லுங்க."

சொன்னாள். பான் அட்டையைக் காட்டினாள். வெள்ளைத்தாளில் அக்காவின் கையெழுத்தைப் போட்டாள். அரைமணி நேரம் நான் பழக்கியிருந்தேன். பிறந்த தேதி கேட்டபோது நாளையும் மாதத்தையும் சொன்னவள் வருடத்தில் திணறினாள். தன்னுடைய வருடம் வாயில் வந்து நின்றிருக்க வேண்டும். உள்ளேயிருந்து குழறலாக ஆச்சியின் குரல் வந்தது. வருடத்தைச் சரியாகச் சொன்னது.

"யாரும்மா அது?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, கையால் தரையைக் கூட்டுவதுபோல் காட்டினேன்.

"வீட்டு வேலைக்கு வர்றவுக," என்றாள் அவள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு வருடத்தை மறுபடி கேட்டாள். இப்போது மனைவி சரியாகச் சொன்னாள். கணக்குத் திறந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது மனைவி எனக்கு முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் ஆச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினார். சிங்கப்பூரிலிருந்து மகன் என்னிடம் கேட்டான், "சித்தப்பா, அம்மா ஏன் வீடியோல வரமாட்டேங்குறாக? பேச்சு மட்டும் போதுங்குறாக." நெட் சரியில்லை என்று அவனிடமும் ஒரு பொய் சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து வங்கியிலிருந்து செய்தி வந்தது: பதினைந்து நாளுக்குள் முகத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு நிறுத்தப்படும். ஆச்சியின் பென்ஷன் முழுவதும் அதில்தான் வந்துகொண்டிருந்தது. மனைவியிடம் பேச்சைத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"என்னைய ஜெயில்ல வச்சாலும் சரி. இன்னொரு தடவ அந்தக் கண்ணாடிய மாட்ட மாட்டேன்."

கையெழுத்துப் போட்டது அவள். பிடித்தால் அவளைத்தான் பிடிப்பார்கள். ஃபோன் முனகும்போதெல்லாம் எண் யாருடையது என்று பார்த்துவிட்டே எடுத்தேன். தெருவில் பைக் நின்றால் ஜன்னலுக்குப் போனேன். பதினோராவது நாள் காலையில் நடந்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, காரைக்குடியில் அந்த வங்கியின் கிளைக்கு எடுத்துப் போனேன்.

மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் பேங்க்ல இருந்தவுகதானா? இத முதல்லயே இங்குட்டுக் கொண்டாந்திருந்தா ஆளை வீட்டுக்கே அனுப்பியிருப்போமே, சார். முகம் பொருந்தாதவங்களுக்குன்னே அந்த ஏற்பாடு இருக்கு."

அது தெரிந்திருக்க வேண்டியவன் நான். ஒரு ஃபோன் செய்து கேட்டிருந்தால் போதும்.

கணக்கை அன்றே முடக்கினார்கள். மனைவியையும் அழைத்து எழுதி வாங்கினார்கள். விசாரணை மேலிடத்துக்குப் போயிற்று. மறுவாரம் வங்கி ஊழியர் ஒருவர் கைரேகைக் கருவியோடு கோட்டையூர் வந்தார். எங்கள் கதை அவருக்குத் தெரியாது. ஆச்சி அதே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை எடுத்தார்.

"ஆச்சி, கொஞ்சம் நேரா பாருங்க."

"நேராத்தான் பாக்குறேன். வாயிதான் நேரா இல்ல."

ஊழியர் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். ஆச்சி ஃபோனை வாங்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாந்தான்" என்று திருப்பிக் கொடுத்தார். கைரேகை பொருந்தியது. சாமான்களை எடுத்து வைத்தபடி ஊழியர் தூணோரம் நின்ற என்னைக் காட்டி, "இவுக உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. "வீட்டு வேலைக்கு வர்றவுக," என்றார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் உள்ளே போய், வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் போன பிறகு ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆச்சியின் படத்தோடு புதுக் கணக்கு வந்தது. நின்றிருந்த பென்ஷனும் சேர்ந்து வந்தது. மனைவியின் மேலும் என் மேலும் நடவடிக்கை இல்லை. ஆனால் அந்த வங்கியில் இனி அவள் பெயரில் கணக்குத் திறக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஆச்சி இப்போது மகனோடு வீடியோவில் பேசுகிறார், முந்தானை இல்லாமல். ஆனால் ஃபோனில் ஓடிபி வந்தால், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், மெதுவாக எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய் அங்கே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்.