பிணைக்கு ஞானத்தாய்

அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு ஞானத்தாய் கிடைப்பது பெரும்பாடு. சொந்தங்கள் இலங்கையில், நாங்கள் இந்தியாவில். ஆகையால் எந்தக் குழந்தைக்குத் திருமுழுக்கு என்றாலும் என் மனைவியைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் அதற்கென்றே ஒரு சேலையை ஒதுக்கி வைத்திருந்தாள். யுத்தம் முடிந்து மன்னாருக்குத் திரும்பியபோது எங்களுக்கென்று பெற்ற பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஞானப்பிள்ளைகள் மட்டும் ஒரு பஸ் நிறைய இருந்தார்கள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள், கடன் கம்பனிகளும் வளர்ந்தன. மீள்குடியேறியவர்களின் வீட்டுக்குக் கூரை வருமுன்னமே கடன் வந்துவிட்டது. கடனுக்குப் பிணை வேண்டும், பிணைக்கு ஞானத்தாய் இருக்கிறாள். ஞானத்தாய் மாட்டேன் என்று சொல்வது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. என் மனைவி பூசை முடிந்து வருகிற வழியில்கூடக் கையெழுத்து வைத்தாள். வாசித்துப் பார்த்து வை என்றேன். கோயிலில் திருமுழுக்கு வாக்குக் கொடுத்தபோது மட்டும் வாசித்துப் பார்த்தா கொடுத்தேன் என்று கேட்டாள். அந்த வாக்கில் ஓட்டோ லீசிங் அடங்காது என்று அவளுக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

ஒரு ஞானமகள் ஓட்டோக் கடனைச் சில மாதம் தவறவிட்டு, பிறகு முழுவதையும் கட்டி முடித்தாள். கம்பனி அதை அறிவிக்கவில்லை. யார் கடன் கட்டினார், யார் கட்டவில்லை என்று நாடு முழுக்க விபரம் வைத்திருக்கும் கந்தோர் ஒன்று கொழும்பில் உண்டு. அங்கே என் மனைவி கடன் தீராத பிணையாளியாகவே இருந்தாள். வள்ளத்துக்கு இஞ்சின் வாங்க நாங்கள் இருவரும் சேர்ந்து கடன் கேட்டபோது, வங்கி முகாமையாளர் கணினியைப் பார்த்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கட்டி முடித்த கடனைக் கேட்டு வசூல்காரப் பெடியனும் வந்தபடி இருந்தான். அவனும் ஞானப்பிள்ளைதான். அந்த வேலையில் சேர அவனுக்குப் பிணை நின்றவளும் இவள்தான். ஃபோனில் மனேஜருக்குக் கேட்கட்டும் என்று வாசல் படலையில் நின்று தெரு அதிரக் கத்துவான். ஃபோனை வைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவான். இவள் மீன்குழம்போடு சோறு போடுவாள். கத்தின தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீர் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருவில் போனது எங்கள் மானம் அல்லவா?

அந்த வருடம் இந்தக் கம்பனிகளைக் கண்காணிக்க அரசாங்கம் ஓர் அதிகாரியை அனுப்பியது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் மண்டபத்தில் முறைப்பாடு கேட்டார். கொழும்புக்காரர், நல்ல மனிதர், தமிழும் பேசினார். ஞானமகள் கடன் கட்டி முடித்த ரசீதைப் பார்த்தவர், முறைப்பாடு பதிவானால் கொழும்பில் இவள் பெயரைச் சீர்செய்விக்கலாம், வங்கிக் கடனும் கிடைக்கும் என்றார். கட்டிய கடனைக் கேட்டு வீட்டுக்கு வரும் வசூல்காரனின் பெயர் மட்டும் வேண்டும், அது இல்லாமல் பதிய முடியாது. அவனுக்கு வேலை போவது நிச்சயம் என்று, எங்களைச் சந்தோசப்படுத்த நினைத்துச் சொன்னார்.

"பேர் தெரியும், சேர். கோயில்ல அந்தப் பேரை வைச்சதே நான்தான்," என்றாள் என் மனைவி. "ஆனா சொல்லமாட்டன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நானாவது பார்த்திருப்பேன்தானே என்று கேட்டார்.

இஞ்சின் என் கண்முன்னே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவள்மேல் எனக்கிருந்த கோபமும் அன்பும் ஒன்றாகவே பொங்கின.

"நான் இரவில கடலுக்குப் போற ஆள், சேர்," என்றேன். "பகல்ல வீட்டில நடக்கிறது எனக்குத் தெரியாது."

மண்டபம் நிறைய எங்கள் கரையோரத்து மீன்பிடிகாரர்கள் இருந்தார்கள். இரவில் கடலுக்குப் போகிறவன் பகல் முழுக்க வீட்டில்தான் கிடப்பான் என்று ஒருவர்கூட அவருக்குச் சொல்லவில்லை.